கை ஒரு ஷேடு, கால் ஒரு ஷேடு

அப்துல் ரவூப்பைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே நிறங்கள்தான்: ஒத்துப்போகும் நிறம், ஒத்துப்போகாத நிறம். திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் மாஸ்டர். பனியனின் உடம்புத் துணிக்கும் கைத்துணிக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் தெரிந்தாலும் "தூக்கிப் போடு" என்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையின் கோட்டும் பேன்ட்டும் ஒரே துணியில்லை என்று அறிவித்துவிட்டுத்தான் பிரியாணியில் கை வைப்பார். ஊரில் அவரைப் பிடிக்காதவர்கள் அதிகம். இத்தனைக்கும் அவர் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பாகப் போனதில்லை, அதுதான் அவர்களுக்கு எரிச்சல்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய் டாக்டர் நித்யஸ்ரீ, "உங்க பொண்ணுக்குக் கை ஒரு கலராவும் கால் ஒரு கலராவும் இருக்கும்" என்று சொன்னார்.

பெண் ரிஃபானாவுக்கு எட்டு வயது. வாயைத் திறந்தால் மூடமாட்டாள். பள்ளிக்கூடப் படியில் மூன்று தடவை மயங்கி விழுந்த பிறகுதான் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நுரையீரலுக்குப் போகிற ரத்தக் குழாய்கள் தடித்துச் சுருங்கியிருந்தன. அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இதயத்தின் வலது பக்கம் வீங்கிப்போயிருந்தது. மூன்று விதமான மாத்திரைகள் கொடுத்தும் அடங்கவில்லை. இன்னொரு தடவை மயங்கினால் எழுந்திருப்பாளா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"வழி ஒண்ணு இருக்குங்க. நுரையீரல் குழாய்க்கும் உடம்புக்குப் போற பெரிய குழாய்க்கும் நடுவுல ஒரு சின்னக் குழாய் உண்டு. குழந்தை பொறந்ததும் அது தானா மூடிக்கும். இவளுக்கு முழுசா மூடலை. தொடை வழியா கம்பியை விட்டு, அதுல ஸ்டென்ட் வெச்சுத் திறந்துட்டா, முட்டிட்டு நிக்கற ரத்தம் கீழ வடிஞ்சுரும். இதயத்துக்குப் பாரம் குறையும்."

"அப்ப நல்லாயிருமுங்களா?"

"நோய் போகாதுங்க. வருசம் கிடைக்கும். ஆனா அப்படி வடியற ரத்தத்துல ஆக்சிஜன் கம்மி. தலைக்கும் கைக்கும் நல்ல ரத்தம் போகும், கீழ் உடம்புக்கு இந்தக் கலப்பு ரத்தம் போகும். அதனால கால் நகம் நீலமாத் தெரியும்."

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட எடுத்த பேனாவை ரவூப் கீழே வைத்தார். "ஏனுங்க டாக்டர், அது ஷேடு வேரியேசனுங்களே."

ஒரே உருப்படியில் இரண்டு நிறம் வந்தால் பட்டறையில் அதற்கு அந்தப் பேர்தான். டாக்டருக்கு அதைப் படிப்பில் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ரவூப் வராந்தாவுக்கு வந்தார். பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வராததால் நிறத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். "இருபத்திரண்டு வருசத்துல நான் இப்படி ஒரு பீஸை வெளிய விட்டதில்லை, நூர்ஜான்" என்றார் மனைவியிடம்.

"ஏனுங்க, பெத்த புள்ளைய என்ன கன்டெய்னர்ல வெச்சு ஜெர்மனிக்கா அனுப்பப் போறீங்க? போய்க் கையெழுத்தைப் போடுங்க."

ரிஃபானா விஷயம் கேட்டுக் கட்டிலிலேயே துள்ளினாள். "பாலிஷ் போடாமயே நீல நகமா அத்தா? ஷாஹிதா பாத்தா வயிறெரிஞ்சே போயிருவா!" ஷாஹிதா பக்கத்து பெஞ்சுக்காரி. வீட்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து ஒன்றைச் சொன்ன பிறகு ரவூப்பின் நிபுணத்துவம் செல்லாது. கையெழுத்துப் போட்டார்.

சிகிச்சை இரண்டரை மணி நேரத்தில் நல்லபடியாக முடிந்தது. ஐசியுவில் அவள் கை விரலில் ஒரு கிளிப், கால் விரலில் ஒரு கிளிப். திரையில் ஆக்சிஜன் அளவு கைக்குத் தொண்ணூற்றேழு, காலுக்கு எண்பத்தொன்று. "இந்த ரெண்டும் வேற வேறயாத்தான் இருக்கணும்" என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். ரவூப் இரண்டு தடவையும் தலையாட்டினார். காதுக்குள் போனது, அதற்கு மேல் ஏறவில்லை. கால் நகங்கள் கத்தரிப்பூ நிறத்துக்கும் சிமென்ட்டுக்கும் நடுவில் இருந்தன. பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் நூர்ஜான் தொழப் போயிருந்தாள். ரவூப் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். காலின் எண் எண்பத்தெட்டு ஆனது. பிறகு தொண்ணூற்றொன்று. பிறகு தொண்ணூற்றைந்து. செல்போன் விளக்கைப் போட்டுக் கை நகத்தையும் கால் நகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டறையில் சாம்பிள் துணியைப் பார்க்கிற அதே பார்வை. இரண்டும் ஒரே ரோஸ்!

வராந்தாவுக்கு ஓடி முதலாளி சுப்பண்ணனுக்குப் போன் போட்டார். "மேட்ச் ஆயிருச்சுங்க அண்ணா! கையும் காலும் ஒரே லாட்டுல முக்கின மாதிரி!"

"ரொம்ப சந்தோசமுங்க பாய்" என்றார் சுப்பண்ணன், ஒன்றும் புரியாமல். "அந்த நேவி ப்ளூ எப்ப முடியுமுங்க?"

ரவூப் கீழே போய்ப் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்று வாங்கிவந்தார். வாட்ச்மேனுக்குக் கொடுத்தார், கூட்டுகிற அம்மாவுக்குக் கொடுத்தார், முன்பின் தெரியாத நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். நர்ஸ் பக்கத்துக் கட்டில் கைக்குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மிஷினும் சத்தம் போடவில்லை. எண் குறைந்தால் கத்தத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள், கூடினால் அது எதற்குக் கத்தப்போகிறது?

டாக்டர் நித்யஸ்ரீ உள்ளே வந்ததும் ரவூப் பெட்டியை நீட்டினார். "எடுத்துக்கங்க டாக்டர். கம்ப்ளீட் மேட்ச்!"

டாக்டர் பழத்தை எடுக்கவில்லை. காலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "எப்ப இருந்து இப்படி?"

"ஒரு மணி நேரமா இருக்குமுங்க."

"சிஸ்டர், எக்கோ மிஷின்! கேத் லேபுக்குச் சொல்லுங்க, உடனே!"

ரிஃபானாவின் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. இந்தப் பிள்ளை அரை மணி நேரமாக ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் ரவூப்புக்கு உறைத்தது.

"ஸ்டென்ட்டுல ரத்தம் உறைஞ்சிருக்குங்க" என்றார் டாக்டர், எக்கோவில் பார்த்துவிட்டு, கேத் லேப் சிகிச்சை அறைக்குத் தள்ளிப்போகிற கட்டிலோடு நடந்துகொண்டே. "வழி அடைச்சதாலதான் கால் நிறம் மாறியிருக்கு. பழைய அழுத்தம் பூராவும் திரும்ப இதயத்து மேல." கதவு மூடிக்கொண்டது.

தொழுதுவிட்டு வந்த நூர்ஜான், பெட்டியும் கையுமாகச் சுவரைப் பார்த்து நின்ற புருஷனைக் கண்டாள்.

"நான் பேரீச்சம்பழம் குடுத்தேன் நூர்ஜான்" என்றார் ரவூப். "அவ உள்ள போராடிட்டுக் கெடந்தா. நான் வெளிய எல்லாருக்கும் பழம் குடுத்துட்டிருந்தேன்."

நூர்ஜான் பெட்டியை வாங்கித் தரையில் வைத்துவிட்டு அவரை பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரவூப் கையேந்தினார். யா அல்லாஹ், ஒத்துப்போக வேண்டாம், வேறு வேறாகவே இருக்கட்டும் என்று கேட்டார். முதலாளியின் போன் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். பலூனை விட்டு அடைப்பை விரித்து, உள்ளே இன்னொரு ஸ்டென்ட் வைத்திருப்பதாகச் சொன்னார். ரத்தம் உறையாதிருக்க மருந்தைக் கூட்டியிருந்தார்கள். "வழி திறந்தாச்சுங்க. உள்ள போய்ப் பாருங்க."

கைக்குத் தொண்ணூற்றாறு. காலுக்கு எண்பது. நகங்களில் அந்தக் கத்தரிப்பூச் சிமென்ட் திரும்ப வந்திருந்தது. தன் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் நிறங்களைப் பார்த்த ரவூப், இதைவிட நல்ல நிறம் ஒன்றைப் பார்த்ததில்லை என்று நினைத்தார். நர்ஸ் பார்க்கிறாளே என்றுகூடக் கூச்சப்படாமல் அழுதார்.

அடுத்த நாள் காலையில் ரிஃபானா வாயைத் திறந்தாள். ஏசி குளிர்கிறது, இட்லி கல்லாக இருக்கிறது, பக்கத்துக் கட்டில் பாப்பா ஓயாமல் அழுகிறது, தனக்கும் அழ வருகிறது. நூர்ஜான் பையிலிருந்து சாக்ஸை எடுத்தாள். ரவூப் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"போட்டுட்டா நகத்து நிறம் எப்படித் தெரியும்?"

"அதான் மிஷின் இருக்குதுங்கல்ல?"

"அது நேத்து ஒரு மணி நேரம் சும்மாதான நின்னுச்சு."

"நீங்களுந்தான் நின்னீங்க."

ரவூப் சாக்ஸைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

"அத்தா, சண்டையை அப்பறம் போடுங்க. கால் வெறைக்குது" என்றாள் ரிஃபானா.

அவர் நாற்காலியைக் கட்டிலின் கால்மாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். கால் விரல் கிளிப் நழுவாமல் இரண்டு பாதங்களையும் உள்ளங்கைகளுக்குள் வைத்து மூடிச் சூடு ஏற்றினார். நூறு வரைக்கும் எண்ணிவிட்டுக் கையை விரித்துப் பார்த்தார். நகம் நீலமாக இருந்தது. மறுபடி மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.