முப்பத்தொன்றும் ஒன்பதும்

இரணியல் பக்கம் பனை ஏறிக்கொண்டிருந்த பொன்னுலிங்கத்தை ரப்பர் தோட்டத்துக் கிரிக்கெட் அணியில் சேர்த்தது நோட்டுதான். அதற்கு முன்பு தோட்டத்து ரைட்டரின் மச்சினன்மார்தான் ஆடினார்கள். 1934இல் பள்ளி வாத்தியார் ஞானசிங் ஒரு வருடத்து ஆட்டங்களை நோட்டில் எழுதி, கணக்கைத் துரையிடம் நீட்டினார். ஐந்து மச்சினன்மார் வெளியே போனார்கள். எதிரணியில் ஆடி நன்றாக அடித்திருந்த பொன்னுலிங்கம், சிபாரிசுக்கு ஆளில்லாமலே உள்ளே வந்தான்.

இரண்டு வருடம் கழித்து, திருவனந்தபுரத்துப் பந்தயத்துக்கு ஒரே இடம் பாக்கி. அதில் வருபவனுக்குத் தோட்டத்து ஆபீசில் பியூன் வேலை என்று துரை சொல்லியிருந்தார். பொன்னுலிங்கத்தின் அப்பன் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து பாயில் கிடந்தான். இவனுக்குத் தினமும் முப்பத்தைந்து பனை, இரண்டு வேளை ஏற்றம்.

"வாசியும் சாரே," என்றான் ஞானசிங்கிடம், நோட்டைக் காட்டி. அவனுக்கு வாசிக்கத் தெரியாது.

"குமாரதாஸ் அறுபத்திரெண்டு ரன். ரெண்டு தடவை அவுட். வகுத்தா முப்பத்தொண்ணு. நீ எண்பத்தொண்ணு. ஒம்பது தடவை அவுட். வகுத்தா ஒம்பது."

"எண்பத்தொண்ணு பெரிசா, அறுபத்திரெண்டா?"

"எண்பத்தொண்ணு. ஆனா துரை வகுத்ததைத்தான் பாப்பாரு மக்கா. நான்தான் அப்பிடிப் பாக்கச் சொல்லிக் குடுத்தேன்."

சர்ச் உபதேசியார் மகன் குமாரதாஸ் பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தான். எப்போதும் கடைசியில் இறங்கி, மட்டையை ஊன்றிக்கொண்டு அவுட்டாகாமல் நிற்பவன்.

"ஒம்பதுல நாலு, ஓடி வந்த என்னை இவன் பாதியில திருப்பி விட்டது. எழுதியிருக்கா?"

"ரன் அவுட்னு இருக்கு. யாராலன்னு எழுத இடமில்ல."

"நெஞ்சு வச்சுத் தடுத்த பந்து?"

"அதுக்கும் இல்ல."

குமாரதாஸ் சிரித்தான். "பனையில ஒரைச்ச நெஞ்சுதானே வேய், பந்து பட்டா தேயவா போவுது?"

"நீ அவுட்டாவப் பேடிச்சு ஒளிஞ்சு நிக்கவன்லே."

"பேடின்னு நோட்டுல இருக்கா, சாருகிட்ட கேளு."

பொன்னுலிங்கம் வாத்தியாரைப் பார்த்தான். "துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லும். கண்ணால கண்டவரு நீரு."

ஞானசிங் நோட்டை மூடினார். "நோட்டு போதாது, கண்ணுதான் சாட்சின்னு நான் சொன்னா, நாளைக்கு ரைட்டரும் அதையே சொல்லுவான். மச்சினன் எல்லாம் திரும்ப வந்துருவான்."

"வரட்டும். எனக்கென்ன போச்சு?"

வாத்தியார் நோட்டைக் கக்கத்தில் இடுக்கினார். நோட்டு அப்படியே துரையிடம் போனது.

திருவனந்தபுரத்தில் அணி கேவலமாகத் தோற்றது. காலுக்கிடையில் போன பந்தைக் குனிந்து எடுக்க ஆளில்லை. குமாரதாஸ் ஆறு ரன், அவுட்டாகவில்லை. சராசரி முப்பத்துநாலாக ஏறியது. திங்கட்கிழமை ஆபீசில் சேர்ந்தான்.

அடுத்த வாரம் ஞானசிங் பனங்காட்டுக்கு வந்தார். பொன்னுலிங்கம் உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்தான்.

"பந்து தடுக்க ஆள் வேணுமாம். துரை உன்னை வரச் சொன்னாரு."

"வேலை உண்டுமா?"

"வேலை குமாரதாசுக்குப் போயாச்சே மக்கா. ஆட மட்டும்."

மேலே சீவும் சத்தம் நின்றது.

"கீழ நிக்காண்டாம் சாரே. அருவா கைய விட்டு வழுவும்."

ஞானசிங் நாலடி தள்ளி நின்றார். பிறகு நடந்தார்.