கண்ணுக்குள்ள

எங்கள் குடியிருப்புக்கு ஃபேன் மாட்ட வரவேண்டிய எலக்ட்ரீஷியன் வருஷக்கணக்காக வந்துகொண்டே இருக்கிறார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டில் விறுவிறுவென்று நடப்பது மாடியிலிருந்து தெரியும், வந்து சேர்ந்தபாடில்லை. வருவதாகச் சொன்ன அன்றைக்கு வீட்டில் ஹாயாகப் படுத்துக்கொண்டு, போனில் "இதோ வந்துட்டே இருக்கேன் சார்" என்று ஒரு பொய் விட்டார். யார்தான் விடாமல் இருக்கிறோம்? அவர் கெட்ட நேரம், உதட்டில் பூச்சி இருந்தது.

அரிசி நீளம்கூட இல்லாத சாம்பல் அந்துப்பூச்சி அது. சதுப்பில், கோரைத் தண்டுக்குள் புழுவாகக் கிடந்து, தன்பாட்டுக்குப் பறந்து திரிந்தது. பாதிச் சதுப்பில் மண்ணைக் கொட்டி எங்களுக்கு வீடு கட்டினார்கள். போக்கிடம் இல்லாமல் அது எங்களிடமே வந்துவிட்டது. உதட்டு ஈரம் அதற்குப் பிடிக்கும். அது உட்கார்ந்திருக்கும்போது சொன்னது சொன்னபடி நடக்கும், அவ்வளவுதான். கீழ்வீட்டம்மா புருஷனிடம் "கொஞ்சம் வாயை மூடுறீங்களா" என்றாள். பாவம், அந்த மனுஷனுக்கு இன்றும் மூக்கில் குழாய் போட்டுத்தான் சாப்பாடு. அப்பப்பா, எவ்வளவு பயம்! பிள்ளைகளைத் திட்டக்கூட ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

மோட்டாரம்மாவும் அடக்கித்தான் பேசினாள். சதுப்புத் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறாமல் மோட்டார் போட்டு இறைப்பது அவள் வேலை. புருஷன் இல்லை, ஒரே மகள். அடைமழையில் ஒரு மத்தியானம் மோட்டார் நின்றுபோனது. தண்ணீர் மளமளவென்று ஏறுகிறது. பிள்ளை சுவிட்சை மறைத்துக்கொண்டு "பசிக்குதும்மா" என்று நிற்கிறது.

"சனியனே, என் கண்ணு முன்னாடி நிக்காதே!"

சொன்ன பிறகுதான் உதட்டில் பூச்சி குறுகுறுப்பது தெரிந்தது.

பிள்ளை எங்கும் போய்விடவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்றது. அம்மா எந்தப் பக்கம் திரும்பினாலும் அதன் கால் அதைப் பின்பக்கமே இழுத்துப் போனது. மகள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தாள், பெற்றவளுக்கு மட்டும் தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தாலும் அவளுக்குத் தன் தோள்தான் தெரிந்தது. கையைப் பின்னால் விட்டு ஜடை பின்னினாள், சோறு ஊட்டினாள்.

"பல்லு விழுந்துருச்சும்மா."

"எந்தப் பல்லுடி?" என்று கேட்டுவிட்டு விரலால் தடவிப் பார்த்தாள். இப்படியே மகள் முகம் மறந்துபோய்விடுமோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

கடைசியில் அவளாகவே பூச்சியைத் தேடிச் சதுப்புக்குக் கிளம்பினாள். "ஒரு வார்த்தை தப்பினாலும் போச்சு அக்கா" என்று கெஞ்சினோம். "முன்னாடி வான்னு சொல்லிட்டு வந்துடறேன், வேற பேசவே மாட்டேன்" என்றாள். முழங்கால் சேற்றில், மகளை முதுகில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். உதடு நடுங்கியதில் பூச்சிகள் கிட்டே வருவதும் விலகுவதுமாக இருந்தன. ஒன்று உட்கார்ந்தது. மனப்பாடம் செய்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து மறந்து, அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வந்துருடி! இனிமே உன்னைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறேன்!"

முதுகுப் பக்கம் காலியாகிவிட்டது.

மகள் இப்போது அவளுடைய வலது கண்ணில், கருவிழிக்குள் பள்ளிக்கூட யூனிபார்மோடு நிற்கிறாள். குனிந்து "சாப்பிட்டியா?" என்று கேட்டால் தலையாட்டுவாள், பழகிவிட்டது, எல்லோரும் கேட்டுவிட்டுத்தான் போகிறோம். அம்மா கண்ணாடி முன் நின்று அவளை ஆசை தீரப் பார்க்கிறாள். விழுந்த பல் முளைத்துவிட்டதாம். அந்தக் கண்ணை மூடினால் "இருட்டா இருக்கும்மா" என்று குரல் வருவதால் திறந்துவைத்தே தூங்குகிறாள். அழுவதை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டாள். தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதானே அவள் வேலை.