குட்ரூன் இருக்கும் பக்கம் சாய்ந்த வீடு

ஆயிரத்து நானூற்று எண்பத்து நான்கில் கட்டிய ஹெட்விக்கின் வீடு, அவள் மகள் குட்ரூன் கோபித்துக்கொண்டு போன மறுநாள் காலை வடக்கே இரண்டு விரற்கடை சாய்ந்திருந்தது. குட்ரூன் ஹாம்பர்க் ரயிலில் ஏறியதை ஸ்டேஷனில் பலர் பார்த்திருந்தார்கள். ஹாம்பர்க் எங்கள் வால்டர்ஹூஸனுக்கு நேர் வடக்கு என்பதால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்த வீட்டில் இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. ஓக் மரத் தூண்களையும் உத்தரங்களையும் சாய்சட்டங்களையும் பொருத்தி மர முளை அடித்து இறுக்கி, நடுவே பின்னிய குச்சிகளில் வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கொஞ்சம் உடம்பை வளைப்பது சிரமமில்லை என்றார் தச்சர் ஃபோல்க்மார். கதவுகள்தான் நிலையில் முட்டிக்கொண்டு நின்றன. அவர் இழைப்புளியோடு வந்து ஒன்பது கதவுகளையும் சாய்வுக்குத் தக்கபடி இழைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

தப்பு ஹெட்விக்குடையது. எங்கள் ஊரில் வாசலுக்கு மேலுள்ள உத்தரத்தில், வீட்டை அடுத்து ஆளப்போகும் தம்பதியின் பெயரைச் செதுக்குவது வழக்கம். ஃபோல்க்மாருக்கு வேலை குறைவாக இருந்த ஒரு வாரத்தில், மகளைக் கேட்காமலேயே ஹெட்விக் அவள் பெயரைச் செதுக்கச் சொன்னாள். இடம் மிச்சமிருந்ததால் பக்கத்தில் தோல் பதனிடுபவரின் மகன் ஆல்பிரெக்ட் பெயரையும் செதுக்கச் சொன்னாள். வேலைவிட்டு சைக்கிளில் வந்து இறங்கிய குட்ரூன் அண்ணாந்து பார்த்தாள்.

"யாரும்மா இது, ஆல்பிரெக்ட்?"

"தோல்காரர் பையன்டி. நல்ல பையன்."

"நாத்தம் புடிச்ச பையன். மரத்துல வெட்டிட்டா ஆச்சா? நீயே கட்டிக்கோ."

ஒரு மணி நேரத்தில் பெட்டியோடு போய்விட்டாள். ஆல்பிரெக்ட் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவன் மனைவி அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஹெட்விக் அந்தப் பெயர்களை இழைத்து எடுத்துவிட நினைத்தபோது, வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று வாசலில் தகடு அடித்துவிட்டார்கள். எழுத்துகளைத் தொடக்கூடாது. மகளிடம் மன்னிப்புக் கேட்கவும் அவளுக்கு அரசாங்க அனுமதி வேண்டியிருந்தது.

குட்ரூன் கடிதம் போடவில்லை, ஹெட்விக்குக் கடிதம் தேவைப்படவும் இல்லை. சாய்வைப் பார்க்கக் கூடத்தில் நூலில் ஒரு தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தை விரித்து வைத்தாள். இரண்டு வருஷம் கழித்து வீடு தென்மேற்கே திரும்பியபோது, போர்ச்சுகல்லாக இருக்கும் என்றார் வாத்தியார். அங்கே மீன் நன்றாக இருக்கும், அவளுக்கு மீன் பிடிக்கும் என்று ஹெட்விக் ஆறுதல் அடைந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் வீடு வாரத்துக்கொரு பக்கம் சாய்ந்தது. கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஊரே முடிவு செய்தது. புயல் நாட்களில் அலமாரியிலிருந்து தட்டுகள் விழுந்தன. ஃபோல்க்மார் இழைத்த கதவை மறுபடி இழைத்தும், குறைந்த இடத்தில் சட்டம் ஒட்டியும் அலுத்துப்போனார். ஹெட்விக் மட்டும் அலுக்கவில்லை. வீடு எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தச் சுவரோரம் கட்டிலை இழுத்துப்போட்டுப் படுத்துக்கொள்வாள். அவ்வளவுதான் மகளுக்குப் பக்கத்தில் போக முடிந்தது.

குட்ரூன் போன ஒன்பதாவது வருஷம் ரைன்ஹார்ட் என்ற அதிகாரி வந்தார். பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர். அளந்து பார்த்து, வீடு பனிக்காலத்தைத் தாண்டாது, நாலு மூலைத் தூண்களையும் எஃகுக் கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும் என்றார்.

"கட்டிட்டா என் பொண்ணு உயிரோட இருக்காளான்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?" என்று கேட்டாள் ஹெட்விக்.

"வீடு விழுந்துட்டாலும் தெரியாதேம்மா" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது காது சிவந்துவிட்டது. ஆனாலும் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்துவிட்டுப் போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கம்பி ஏற்றிய லாரி தெருமுனைக்கு வந்தபோது, ஹெட்விக் சமையலறையில் உருளைக்கிழங்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக மேசையின் ஓரத்துக்கு ஓடும் உருண்டைகள் வைத்த இடத்திலேயே நின்றன. உத்தரங்கள் நெட்டி முறிப்பதுபோல ஒருமுறை சத்தமிட்டு ஓய்ந்தன. ஓடிப்போய்த் தூக்குக்குண்டைப் பார்த்தாள். நூல் நேராகத் தொங்கியது. வீட்டுக்குச் சாய இனி ஒரு பக்கமும் இல்லை என்றால், குட்ரூன் உலகத்தில் எந்தப் பக்கமும் இல்லை. மாவுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது வாசல் கதவை யாரோ தள்ளினார்கள். சாய்ந்த வீட்டுக்காக இழைத்த கதவு நேரான நிலையில் இறுகிப்போயிருந்தது.

"அம்மா, கதவு வரமாட்டேங்குது."

ஹெட்விக் தரையிலிருந்து எழுந்து கதவருகே வந்தாள். "யாரு?"

"நான்தாம்மா. நாத்தம் புடிச்ச பையனைக் கட்டிக்காதவ."

"நல்லா தள்ளுடி."

"தள்ளிட்டுத்தான் இருக்கேன்."

"சாப்பிட்டியா?"

ஒன்பது கதவுகளில் ஒன்றும் அசையவில்லை. ஜன்னல்களில் பூனைதான் நுழையலாம். வாசலை ஒட்டிய களிமண் கட்டத்தை உடைத்தால்தான் வழி என்றார் ஃபோல்க்மார். அந்த மண்ணுக்கு ஐந்நூறு வயது, அப்பியவனின் விரல் தடம்கூட அதில் இருந்தது. உடைக்க அனுமதி வர மூன்று மாதம் ஆகும். எல்லோரும் லாரியோடு வந்திருந்த ரைன்ஹார்ட்டைப் பார்த்தோம். அவர் தொப்பியைக் கழற்றி ஃபோல்க்மாரிடம் கொடுத்தார், அவர் கையிலிருந்த கொட்டாப்புளியை வாங்கினார், முதல் அடியைத் தானே அடித்தார். இரண்டாவது அடியில் பின்னல் குச்சிகளுக்கு நடுவே மாவு அப்பிய கை ஒன்று வெளியே வந்தது. குட்ரூன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆள் நுழைய வழி ஆகும்வரை விடவே இல்லை. 'ஈரத்தால் உதிர்ந்தது' என்று ரைன்ஹார்ட் கோப்பில் எழுதினார். கம்பி லாரியிலேயே திரும்பிப் போனது.

ஃபோல்க்மார் கதவுகளை நேராக்கிக் கொடுத்தார். அதன்பின் பதினாறு வருஷம், குட்ரூன் ரொட்டிக்கடைக்குப் போனால் வீடு அரை விரற்கடை அந்தப் பக்கம் சாயும், கதவுகள் இறுகும், அவள் வரும்வரை ஹெட்விக் ஜன்னலில் நின்று திட்டிக்கொண்டிருப்பாள். தொண்ணூற்றொன்பதில் ஹெட்விக் இறந்தாள். அடக்கத்தின்போது வீடு கல்லறைக் குன்றைப் பார்த்துச் சாய்ந்தது. இனி எப்போதும் அந்தப் பக்கம்தான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஆனால் குட்ரூன் குன்றிலிருந்து இறங்கி வர வர வீடும் கூடவே நிமிர்ந்து, அவள் வாசலை மிதித்தபோது நேராக நின்றது. மறுநாள் காலை அவள் ரொட்டி வாங்கப் போனபோது கடைப்பக்கம் சாய்ந்தது. இன்றும் அப்படித்தான். ரொட்டிக்கடைக்காரர் பேச்சை இழுத்தால், "அம்மா உள்ள மாட்டிக்கிட்டிருப்பா" என்று சொல்லிவிட்டு குட்ரூன் வேகமாக நடக்கிறாள். அவரும் மிச்சப் பேச்சை மறுநாளைக்கு வைத்துக்கொள்கிறார்.