சந்தியாவுக்கு ஒரு பக்கச் சாட்சி

1

“ஒரே க்ளாஸ்ல நீங்களும் நானுமா? மானம் போவும் அண்ணி!”

“ஒரே க்ளாஸ் இல்லடி. நான் உனக்கு சீனியர். என்னப் பாத்தா நீ எழுந்து நிக்கணும்.”

“எம்மா, இவங்க இன்னா பேசறாங்க கேட்டியா?”

“கேட்டுக்கினுதான் இருக்கேன். அண்ணியும் நாத்தனாளும் சோடி போட்டுக்கினு காலேஜுக்குப் போங்க. புள்ளைக்குச் சோறு யாரு ஊட்டுவா? பக்கத்து வூட்டு காசியா?”

பக்கத்து வீட்டுக் காசியம்மாள் நான்தான். பேர் சொன்ன பிறகும் எட்டிப் பார்க்காமல் இருந்தால் மரியாதை இல்லை. அதனால் தோட்டத்துச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருக்கும் அண்டா மேல் ஏறினேன். (அந்த அண்டா ஏன் எப்போதும் அங்கேயே கவிழ்ந்து கிடக்கிறது என்று கேட்கிறவர்கள் வேறு கதை படிக்கலாம்.)

இந்தக் கதை பிறந்த இடம் அந்த அண்டாதான், முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எழுதுகிறவர்கள் சிலர், ஒரு முகத்தைப் பார்த்தேன், அன்றெல்லாம் தூக்கம் வரவில்லை என்பார்கள். எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. பக்கத்து வீட்டில் சண்டை வந்தது. பின்னாலேயே கதை வந்தது.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். கச்சிராயபாளையத்தில் கரும்பு லாரி திரும்ப முடியாமல் திணறும் தெரு எங்கள் தெரு. அதில் பூமாலை மாமியார். மகன் சரத்குமார், மருமகள் சந்தியா, மகள் அபிநயா. சந்தியா மணலூர்பேட்டைப் பெண். அங்கே ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டு வருஷம் படித்து நாலு செமஸ்டரும் பாஸ் செய்தாள். மூன்றாம் வருஷப் புத்தகம் வாங்க வேண்டிய நேரத்தில் கூறைப் புடவை வாங்கிவிட்டார்கள். அப்புறம் புருஷன், பிள்ளை, அடுப்பு.

இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி, வேறு கல்லூரியில் பாடம் பாஸ் செய்து சேர்த்த கிரெடிட்டை ஏழு வருஷத்துக்குள் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்கிறோம், நேரே மூன்றாம் வருஷத்தில் உட்காரலாம் என்று அறிவித்திருந்தது. மாத்திரை அட்டை மாதிரிதான், தேதி முடிந்தால் குப்பை. சந்தியாவின் அட்டைக்கு அதுதான் கடைசி வருஷம். அதே கல்லூரியில், அதே பி.காமில், அபிநயா முதலாம் ஆண்டு சேர்கிறாள். சண்டை புரிகிறதா?

(கிரெடிட் என்றால் கடன் என்று இங்கே ஒரு சிலேடை பண்ணலாம். பண்ணவில்லை. டீக்கடையில் எல்லோரும் பண்ணி முடித்துவிட்டார்கள்.)

அப்போது சரத்குமார் வந்து வண்டியை நிறுத்தினார். தோளில் துண்டு, தொண்டை கட்டியிருந்தது. அந்த வருஷங்களில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம். எங்கள் தெருவே சதவீதத்தில்தான் பேசிக்கொண்டிருந்தது, சலூனில் தாடையில் சோப்பு நுரையோடுகூட.

“ஒரு வருஷம்னா படி. மொதல்லேர்ந்து மூணு வருஷம்னா என்னால ஆவாது. அவ்ளோதான்” என்றார்.

“தாலுக்காபீஸ் எதிர்ல ரோட்டுல குந்திக்கினு இன்னா மாமா கேட்டீங்க?”

“எட ஒதுக்கீடு.”

“எதுல?”

“படிப்புல. வேலைல.”

“நானும் அதத்தான் கேக்கறேன். ஒரே ஒரு எடம். கொடிகூட வேணாம்.”

பூமாலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் சிரித்தாளா என்று அண்டா மேலிருந்து சரியாகத் தெரியவில்லை. சிரித்தாள் என்றே எழுதுகிறேன்.

2

இந்தக் கதையை முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

கல்வராயன் மலையின் நீல முகடுகளில் மேகம் தவழ, கோமுகி அணையின் நீர்ப்பரப்பில் ஒற்றைக் காலில் ஒரு நாரை—

நாரையை விரட்டிவிட்டேன். அதற்கும் பி.காமுக்கும் சம்பந்தமில்லை. அடுத்து:

பெண் கல்வி என்பது ஒரு சமுதாயத்தின்—

இது ஆண்டு விழாத் தலைமையுரை. அடித்தேன்.

உண்மையான தொடக்கம் என் கையால் எழுதியதே அல்ல. கல்லூரி கொடுத்த தாளில் அச்சடித்திருந்தது: ‘விண்ணப்பதாரரை எந்த வகையில் அறிவீர்கள்?’ அதற்கு எதிரே நான் எழுதினேன்: சுவர் வகையில்.

அந்தத் தாள் என்னிடம் வந்த விதம் இது. இரண்டு கல்லூரிப் பாடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், இங்கே உள்ள இரண்டு பாடம் சந்தியா அங்கே படித்ததில் இல்லை. வங்கி நடைமுறை ஒன்று, சுற்றுச்சூழல் கல்வி ஒன்று. ஒரு பாடம் பாக்கி இருந்தால் மூன்றாம் வருஷத்தோடு சேர்த்து எழுதிக்கொள்ளலாம். இரண்டு பாக்கி என்றால் பழையது எதுவும் செல்லாது, முதலாம் ஆண்டிலிருந்து வாம்மா. சரத்குமார் கணக்கில் அதற்கு அர்த்தம், வராதே அம்மா.

ஆனால் ஒரு சந்து இருந்தது. வேலை செய்து கற்றதையும் கிரெடிட்டாக எடுத்துக்கொள்வார்களாம். ஆசிரியர்கள் முன்னால் விளக்க வேண்டும். கூடவே, அந்த வேலையை நேரில் பார்த்த ஒருவர், சொந்தக்காரராகவோ பயன்பெற்றவராகவோ இல்லாதவர், பார்த்ததை ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

சந்தியா மூன்று வருஷமாக வங்கி மித்ரா. கிளை இல்லாத மலை ஊர்களுக்குக் கைமெஷினோடு போய், ரேகை வாங்கி, முதியோர் உதவித்தொகை, நூறு நாள் கூலி எல்லாம் எடுத்துக் கொடுக்கும் வேலை. வேலைக்கு வைத்த ஏஜென்சி ‘வேலை பார்த்தார்’ என்று ஒரு வரி கொடுத்தது. அதற்கு மேல் அவர்களுக்கே தெரியாது.

நேரில் பார்த்தவர், சொந்தமில்லாதவர், பயன் எதுவும் பெறாதவர். மூன்றும் பொருந்தும் ஆள் இந்தத் தெருவில் ஒருத்திதான்.

3

எப்படிப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு தரம் வண்டியில் மலைக்குப் போகிறாள். சாயங்காலம் சிரித்த முகத்தோடு திரும்பி வருகிறாள். மாமியார் வீட்டுக்குத் திரும்பும் மருமகள் சிரித்துக்கொண்டு வந்தால் தெரு சும்மா இருக்குமா? பல பேர் பலது சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நேரில் பார்க்காமல் பேசுவது என் வழக்கமில்லை.

“எம்மா சந்தியா, வெள்ளிமலைல எனக்கு ஒரு சோலி. பின்னாடி குந்திக்கினு வரட்டா?”

“இன்னா சோலிக்கா?”

“தேன் வாங்கணும்.”

“தேன் இங்கயேதான் விக்குது. சரி, ஏறுங்க.”

(இங்கே மலைப்பாதை வர்ணனை ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் நான் கண்ணையே திறக்கவில்லை.)

கரியாலூர் தாண்டி ஒரு சிற்றூர். தண்ணீர்த் தொட்டி அடியில் மட்டும்தான் சிக்னல். சந்தியா அங்கே உட்கார்ந்து மெஷினைத் திறந்ததும் சனம் கூடிவிட்டது. எனக்கு முதலில் ஏமாற்றம். வந்தவர்கள் பாதிப் பேர் கிழவர்கள், மீதிப் பேர் கிழவிகள்.

சடையன் என்று ஒருத்தர் வந்தார். “ஆத்தாளுக்கு எழுந்திரிக்க முடியல. நான் வெக்கிறேனே ரேகை.”

“உங்க ரேகைக்கு உங்க கணக்குதாண்ணே தொறக்கும். அம்மாவுக்கு அம்மா கைதான் வேணும். வாங்க, வூட்டுக்கே போலாம்.”

மெஷினைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். பின்னால் நான், மூச்சு வாங்கிக்கொண்டு. வீட்டில் சிக்னல் இல்லை. மெஷினை இப்படித் தூக்கிப் பார்த்தாள், அப்படித் தூக்கிப் பார்த்தாள். கடைசியில் சடையன் தன் தாயை முதுகில் சுமந்து தொட்டிவரை இறங்கினார். தாய் பெயர் பெரியம்மாள். மரவள்ளி பிடுங்கிப் பிடுங்கி விரல் வழவழ என்றிருந்தது. மெஷின் மாட்டேன் மாட்டேன் என்றது. சந்தியா ஈரத் துணியால் விரலைத் துடைத்து, தன் இரண்டு கைக்குள்ளும் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்து, மறுபடி வைத்தாள். ரேகை விழுந்தது.

துண்டுச்சீட்டை உரக்கப் படித்தாள். எவ்வளவு வந்தது, எவ்வளவு எடுத்தது, எவ்வளவு மீதி. இன்னொரு தரம் படித்தாள். பெரியம்மாள் பணத்துக்கு முன்னால் சீட்டைத்தான் கை நீட்டி வாங்கினாள். அப்புறம் என்னைப் பார்த்து, “யாரு இது, உன் மாமியாளா?” என்றாள்.

“இல்ல ஆயா. நான் மலைல இன்னா பண்றேன்னு துப்பு பாக்க வந்தவங்க.”

நான் மலையைப் பார்த்தேன். நல்ல மலை.

4

இங்கே எழுத்து நின்றது. சந்தியா ரொம்ப நல்லவளாகிக்கொண்டிருந்தாள். இப்படி ஒருத்தியைப் படித்தால் நானே நம்பமாட்டேன். ஒரு குறை வேண்டும்.

தேடவே வேண்டாம். அவள் வீட்டில் கறிவேப்பிலை மரம் சுவர் உயரம் நிற்கிறது. ஒரு கொத்து கேட்டால், மரத்தை அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்ப்பாள். “பூச்சி வுழுந்திருக்குக்கா” என்பாள். மரத்தில் எனக்கென்றே விழும் பூச்சி.

போதும். நம்பலாம்.

5

ஆசிரியர்கள் முன்னால் போக வேண்டிய நாளில் கள்ளக்குறிச்சி ரோட்டில் மறியல். பஸ் இல்லை. சந்தியா வண்டி எடுத்தாள், சாட்சி என்பதால் நான் பின்னால். கையில் என் ஒரு பக்கம். அது எட்டுப் பக்கமாகி, அடித்து அடித்து ஒன்றானது. (அடித்த ஏழும்தான், பின்னால் நடந்ததையும் சேர்த்து, நீங்கள் இப்போது படிப்பது.)

மறியலில் முன்வரிசையில் சரத்குமார். இந்த இடத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் எங்களைப் பார்க்காததுபோல முகத்தைத் திருப்புகிறார். அதுதான் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் மனுஷன் எழுந்துவிட்டார்.

“வழி வுடுங்கப்பா. காலேஜுக்கு நேரமாவுது.”

“யாருக்குப்பா காலேஜு?” என்றது கூட்டம்.

“என் வூட்டுக்காரம்மாவுக்கு.” கட்டிய தொண்டையில் அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்ததோ. “மூணாவது வருஷம்!”

மூன்றாவது வருஷமா என்பது இன்னும் முடிவாகவில்லை. கூட்டம் பிளந்தது. யாரோ விசிலடித்தார்கள். சந்தியா தலையை நேரே வைத்துக்கொண்டு ஓட்டினாள். கண்ணாடியில் நான் பார்த்தேன், உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தாலும்—

ஒரு பேராசிரியை கேட்டார். “ரேகை விழவே இல்லைன்னா என்ன செய்வீங்க?”

“கண் பாக்கற மெஷினு வெள்ளிமலைல இருக்கு மேடம். அங்க கூட்டிக்கினு போவேன். அதுலயும் ஆவலன்னா குடுக்கமாட்டேன்.”

“பாவமா இருக்காதா?”

“இருக்கும். பாவம் பாத்து ஒருத்தருக்குக் குடுத்தா, நாளைக்கு வேற யாராவது அவங்க பேர்ல வந்து நிப்பாங்க.”

“இதுக்குச் சட்டத்துல என்ன பேர், எந்தப் பிரிவு, தெரியுமா?”

நான் கதவோரமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

“தெரியாது மேடம். அதுக்குத்தான் படிக்க வந்திருக்கேன்.”

அப்புறம் தாள் புரளும் சத்தம். “இந்தச் சாட்சி, ‘சுவர் வகையில்’னு எழுதியிருக்காங்களே?”

“அவங்க எங்க வூட்டுச் சுவரு மேலதான் இருப்பாங்க மேடம். அவங்க கண்ணுல ஒண்ணும் தப்பாது. எழுதினது எல்லாம் உண்மையாத்தான் இருக்கும்.”

என் வாழ்நாளில் எனக்கு யாரும் கொடுத்த நற்சான்று அது ஒன்றுதான்.

வங்கி நடைமுறைக்கு கிரெடிட் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் வருஷம். பாக்கி சுற்றுச்சூழல் மட்டும். மலைக்கும் வீட்டுக்குமாக அலைகிறவளுக்குச் சுற்றுச்சூழலில் பாக்கி! அந்த ஒரு பாடத்துக்கு முதலாம் ஆண்டு வகுப்பில்தான் போய் உட்கார வேண்டும். அபிநயா வகுப்பில்.

முதல் நாள் சந்தியா வாசலில் தயங்கி நின்றிருக்கிறாள். அபிநயா எழுந்து நின்று, வகுப்பு முழுக்கக் கேட்க, “உள்ள வந்து குந்துங்க சீனியர்” என்றாளாம். இது நான் பார்த்ததில்லை. அபிநயா சொன்னது, பூமாலை சொன்னது, கரும்பு லாரி டிரைவர்கூடச் சொன்னார்.

6

முடிவுக்கு வருவோம். சந்தியா பெரிய அதிகாரியாகி காரில் வந்து இறங்குவதாக ஒன்று எழுதினேன். கார் எங்கள் தெருவில் திரும்பாது. கிழித்தேன். நடந்தது மட்டும் சொல்கிறேன்.

சந்தியா பாஸ். பூமாலை தெரு முழுக்க லட்டு கொடுத்து, “எம் மருமவ பி.காமு” என்றாள். சந்தியாவின் பிள்ளைக்கு ஒரு வருஷமாகச் சோறு ஊட்டியது நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம், அபிநயாவுக்கு நாலாவது செமஸ்டர் முடிந்த கையோடு களமருதூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அஜித்குமார். நிச்சயத்தன்று பையனின் அம்மா, “மூணாவது வருஷம் எதுக்கு? வூட்டுக்கு வந்தா வேலை சரியா இருக்கும்” என்றாள். தட்டு மாற்றக் கை நீட்டும் நேரம்.

“ஒரு நிமிஷங்க” என்றாள் சந்தியா. வெற்றிலை பாக்குக்கு மேல் அபிநயாவின் நாலு மார்க் ஷீட்டையும் வைத்தாள். “எங்க பொண்ணுகூட இதுவும் வருது. ரெண்டையும் எடுத்துக்கறதா இருந்தா தட்ட எடுங்க.”

சரத்குமார் துண்டைச் சரி செய்துகொண்டு பெண்டாட்டி பக்கத்தில் போய் நின்றார். அஜித்குமார் அம்மாவைப் பார்த்தார், அபிநயாவைப் பார்த்தார். தட்டை எடுத்தார்.

அபிநயா களமருதூர் போய்விட்டாள். சந்தியாவுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. குடும்பத்தோடு, பூமாலையோடு, அங்கே குடி போய்விட்டார்கள். போகும்போது ஒரு கூடை கறிவேப்பிலை கொடுத்தாள். ஒரு பூச்சி இல்லை. வாடகைக்கு வந்திருப்பவர்கள் சண்டையே போடுவதில்லை. அண்டாவை நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

அபிநயா மூன்றாம் வருஷம் படிக்கிறாளா? தெரியாது. என் சுவரிலிருந்து களமருதூர் தெரியாது. அவளுடைய ஏழு வருஷ அட்டையில் இன்னும் தேதி இருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் போனால், காலை பஸ்ஸில் புதுத்தாலி மஞ்சள் வெளுக்காத ஒரு பெண் தோளில் பை மாட்டிக்கொண்டு ஏறுகிறாளா என்று மட்டும் பாருங்கள். ஏறினால் நேரே போய்ப் பேசுங்கள், கூச்சப்படாதீர்கள்.

“என்னை எந்த வகையில் தெரியும்?” என்று கேட்பாள். கதை வகையில் என்று சொல்லுங்கள்.