ஆளுக்கு முந்திய விளக்கு

லிப்ட் மெக்கானிக் தன் வீட்டில் தானியங்கி சுவிட்சுகளைப் பொருத்திய மறுவாரத்திலிருந்து, அந்த வீட்டு விளக்குகள் ஆள் வருவதற்கு முன்பே எரிய ஆரம்பித்தன. தப்பு அவருடையதுதான். பெரிய கட்டடங்களில் யாராவது வந்து பொத்தானை அழுத்தட்டும் என்று லிப்ட் காத்திருப்பதில்லை. கூட்டம் வரப்போகிற தளத்துக்கு அதைக் காலியாகவே முன்கூட்டி அனுப்பி நிறுத்துவார்கள். அந்த வழக்கத்திலேயே ஊறிப்போன மனிதர் வீட்டுச் சுவிட்சுகளுக்கும் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். முதலில், கதவைத் தொடும் முன்பே கூடம் வெளிச்சமானது. பிறகு தெருமுனை திரும்பும்போதே. அடுத்த வருடம், பஸ் ஓட்டும் அவர் மனைவி டிப்போவில் வண்டியை விடும்போதே வீட்டில் விளக்கு எரிந்தது. மெக்கானிக் அதைப் பார்த்து டீக்குத் தண்ணீர் வைத்தார். ஒருநாளும் அது பொய்த்ததில்லை. சாப்பாட்டு நேரம் பார்த்துச் சொல்லாமல் கொள்ளாமல் வரும் பெரியப்பா, தனக்கு முன்பே தட்டு வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு, திடீரென்று வந்து நிற்கிற சுகமே போய்விட்டது என்று நொந்துகொண்டார். வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

மனைவியை எல்லோரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய தங்கை மாடி அறையில் இருந்தவள். சுவிட்சுகள் வருவதற்கு முன்பே, கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை கிடைத்து அவள் கிளம்பியபோது, அக்காவுக்குப் பிரிய மனமில்லாமல் கோபம் வந்தது. “போறதுன்னா போ. இனிமே இந்த வீட்ல உனக்கு விளக்கு எரியாது” என்று சொல்லிவிட்டார். வாய் தவறி வந்த வார்த்தை, ஆனால் வந்தது வந்ததுதான். தங்கை போனாள், போனை எடுக்கவில்லை, பிறகு அந்த எண்ணும் இல்லாமல் போனது. சுவிட்சுகள் பொருத்தியபோது பூட்டிக் கிடந்த அந்த அறைக்கும் இரண்டு விளக்குகள் போட்டார்கள். மேலே ஒன்று. மெக்கானிக் கை போன போக்கில் முழங்கால் உயரத்தில் பொருத்திய குட்டி விளக்கு இன்னொன்று. வளர்ந்த ஆள் யார் நடந்தாலும் அந்தக் குட்டி விளக்கு மசிந்ததே இல்லை.

பல வருடம் கழித்து ஒரு காலையில் அந்த இரண்டும் எரிந்தன. டிரைவரம்மா இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறினார். ஜன்னல்களைத் திறந்தார், மெத்தையை வெயிலில் போட்டார், சிரித்தார், அழுதார். சந்தோஷம் தாங்காமல் அன்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தேவையில்லாமல் ஹாரன் அடித்தார். விஷயம் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. தினமும் கண்டக்டர் கேட்பார், “எரியுதாக்கா?” “எரியுது.” கேட்ட பிறகுதான் பயணிகள் நிம்மதியாக இறங்கினார்கள். மாதங்கள் போயின. தங்கை வரவில்லை, விளக்கும் அணையவில்லை.

ஆளில்லாத அறையில் விளக்கு எரிவதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்த சுவிட்ச் கம்பெனி, ஒரு பெண் பொறியாளரை அனுப்பியது. “இது பழுது மேடம். எல்லாத்தையும் புதுசா மாத்தித் தந்துடறோம்” என்றார் அவர். மாற்றினால் சுவிட்சுகளின் பழைய நினைவெல்லாம் அழிந்து விளக்கு அணைந்துவிடும். தன் கைவேலையில் பழுது என்றதும் கூசிப்போன மெக்கானிக் திருப்புளியை எடுத்துக் கொடுத்தேவிட்டார். டிரைவரம்மா மாடிப்படியில் குறுக்கே உட்கார்ந்தார்.

“ஒருதடவை நான் வாயால அணைச்சுட்டேன். இன்னொரு தடவை அணைய விடமாட்டேன். வேணும்னா ஒரு நாள் இருந்து பாருங்க.”

பொறியாளர் இருந்து பார்த்தார். பால்காரர், பக்கத்து வீட்டுத் தையல்காரி, பெரியப்பா என்று ஒவ்வொருவருக்கும் முன்னால் விளக்கு எரிந்தது. சாயங்காலம் அவர் தன் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டார். “மேல் விளக்கு சரியாத்தான் இருக்கு. கீழே இருக்கிற குட்டிதான் சந்தேகமில்லாம பழுது. அத மட்டும் கழட்டட்டுமா?”

“அதுவும் எரியட்டும். அதனால யாருக்கு என்ன நஷ்டம்” என்றார் டிரைவரம்மா.

மழை ஓய்ந்த ஒரு மத்தியானம் வாசல் விளக்கு எரிந்தது. வழக்கம்போல் பெரியப்பாவுக்குத் தட்டு வைத்தார்கள். வந்தது தங்கை. தோளில் பை, கையைப் பிடித்தபடி முழங்காலைவிடக் கொஞ்சமே உயரமான ஒரு பெண் குழந்தை. தங்கை உள்ளே வராமல் மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு விளக்கு எரியாதுன்னு சொன்னியேக்கா.”

“நான் போடலடி. அதுவா எரிஞ்சுது” என்றார் டிரைவரம்மா. “அணைக்கத்தான் மனசு வரல.”

அக்காவும் தங்கையும் வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுததில் பெரியப்பா வந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். செய்தி கேட்ட பொறியாளர் போன் செய்து, தன் வீட்டுக்கும் அதே மாதிரி பொருத்தித் தர முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டார். குட்டி விளக்கு, குழந்தை வந்த அன்று சாயங்காலம்தான் முதல்முறையாக அணைந்தது. அவள் தூங்கிவிட்டிருந்தாள்.