மூன்று லிட்டர் தட்டு

மாமனாரின் பெரிய வண்டிக்குத் தானே எண்ணெய் மாற்றித் தருவதாக மருமகன் வீறாப்பாய்ச் சொல்லியிருந்தான். பழைய எண்ணெய் பிடிக்கும் தட்டு வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "இன்ஜினுக்கு எத்தனை லிட்டர் ஆயில் பிடிக்கும் சார்?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

"மூணு."

கடைக்காரர் மூன்று லிட்டர் தட்டை எடுத்துவிட்டுத் தயங்கினார். "பெரிய வண்டின்னு சொன்னீங்க, இது பத்தாதுங்களே!"

"எல்லாம் எனக்குத் தெரியும், குடுங்க."

மறுநாள் காலை, இன்ஜினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தி, வண்டிக்கடியில் படுத்து எண்ணெய் வடிக்கும் திருகாணியைக் கழற்றியதும் கரிய எண்ணெய் தாரையாகப் பொழிந்தது. தட்டு விளிம்புவரை நிறைந்த பின்னும் அது ஓயவில்லை. திருகாணியை மீண்டும் பொருத்த முயன்று விரலைச் சுட்டுக்கொண்டான். புதிதாகப் பதித்த வெள்ளைக் கல் தரையெங்கும் எண்ணெய் பரவியது.

மாமனார் பழந்துணிகளோடு ஓடிவந்தார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க மாப்ள? அந்தக் கடைக்காரன் பார்த்துக் குடுக்க வேணாமா? இருங்க, நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினார்.

வாய் மூடியிருந்தால் தன் மானம் தப்பும். குற்றமற்ற ஒருவர் ஏச்சு வாங்குவார். அவன் நாணிக் குறுகி எழுந்தான்.

"மாமா, நில்லுங்க. அவர் கேட்டாரு. நான்தான் தெரிஞ்ச மாதிரி மூணுன்னு சொல்லிட்டேன்."

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏழு லிட்டர் மாப்ள. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவன் பழந்துணி ஒன்றை எடுத்தான். மண்டியிட்டுத் துடைக்கத் தொடங்கினான். மாமனாரும் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே அமர்ந்து துடைக்க, அவன் தலை இன்னும் தாழ்ந்தது.