பிரேம் விழுந்துருச்சு

1

இந்தக் கதை பஸ்ஸில் கிடைத்தது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரும்போது முன்சீட்டுப் பெண் போனில், “பிரேமக் கொண்டாந்து கடையில போட்டுட்டுப் போ” என்றாள். புருஷனா, போட்டோ பிரேமா? இறங்கும்வரை தெரியவில்லை. ‘ஃ’ எங்கள் வாயில் தங்காது, ஃபிரேமும் பிரேம்தான். போதாததற்கு மனுஷரையும் அது இது என்போம்: அண்ணன் வந்துச்சு, மாமா சாப்டுச்சு. வேடிக்கையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நாசமாய்ப் போயிற்று.

2

கலையரசி வானத்தைப் பார்த்துக் கனவு கண்

(சீ. அவளுக்கு வானம் எதற்கு? புருஷன் முதுகிலிருந்து மருந்து டேங்கை இறக்கவேண்டும், அவ்வளவுதான்.)

கலையரசிக்குப் பெரம்பலூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. புருஷன் பிரேம், சிறுவாச்சூர் பக்கம் முத்தமிழ்செல்வனின் மக்காச்சோளக் காட்டில் மருந்தடிக்கிறவன். (விஷத்துக்கு மருந்தென்று பேர் வைத்த புண்ணியவான்களும் நாங்கள்தான்.) அடித்துவிட்டு வந்தால் வாந்தி, கண்ணெரிச்சல். “டேங்க ட்ரோன் தூக்கட்டும், நீ நெழல்ல உக்காந்து ஓட்டு மாமா” என்று அவளே செய்ய இறங்கிவிட்டாள். மோட்டார் பிறகு, முதலில் பிரேம். பிளாஸ்டிக் பைப்பில் செய்தது கனம் தாங்காமல் வளைந்தது. அடுத்ததை ஜன்னலுக்குப் போடும் அலுமினியத்தில், நான்கு கை வைத்துச் செய்தாள்.

“காட்டு வேப்பமரத்துல கட்டி, தண்ணி கேனத் தொங்கவுட்டுப் பாரு. தாங்குதான்னு தெரியணும்.”

“நீ எந்தப் பிரேம நம்புற?”

“அது சொன்னா கேக்கும்” என்றாள். சிரித்துக்கொண்டே எடுத்துப் போனான்.

3

மத்தியானம் புவனேஸ்வரியின் போன். பிரேமின் அத்தை மகள், அதே காட்டில் களையெடுப்பவள். ஒரே வயசு, அதனால் பேர் சொல்லித்தான் பேசுவாள்.

“கலை, பிரேம் விழுந்துருச்சு.”

“கையி ஒடஞ்சிருச்சா?”

“கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வரப்புல கெடக்கு, வாயேன்.”

“கெடக்கட்டும். சாயங்காலமா வந்து தூக்கிக்கிறேன்.”

புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை போல என்று புவனேஸ்வரி போனை வைத்துவிட்டாள். கலையரசி, பாவம், கை உடையவில்லையே என்ற சந்தோஷத்தில் அடுத்த கேட்டுக்கு வெல்டிங் வைத்தாள்.

அங்கே மருந்தடித்துவிட்டு விழுந்த பிரேம், அதற்குள் வாயில் நுரை தள்ளக் கிடந்தான். தலைக்குமேல் வேப்பமரத்தில் அவள் செய்தது கேனைத் தாங்கிக்கொண்டு அசையாமல் தொங்கியது. (108 வரவில்லையா என்பீர்கள். சொல்லியாகிவிட்டது. பாதை அறுந்து கிடக்கிறது, சுற்றித்தான் வரும்.) முத்தமிழ்செல்வனின் கார் மரத்தடியில் நின்றது.

“அவன் பொண்டாட்டி வரட்டும். சீட்டெல்லாம் மருந்து நாறிப்போகும்” என்றார் அவர்.

4

இப்படியே முடித்தால் பழி கலையரசிமேல் விழும். எனக்கு மனசு ஆறவில்லை. எழுதுகோல் என்னிடம்தானே இருக்கிறது? பேரை மாற்றினேன்.

“கலை, முத்துசாமி விழுந்துருச்சு.”

போட்டது போட்டபடி கிடக்க, அவள் பட்டறை முதலாளியின் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு பறந்தாள். நிமிஷத்தில் காட்டுக்கு வந்துவிட்டாள். காரை எடுக்கச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கேட்டாள்.

“இருக்கட்டும்மா, ஆம்புலன்சு வந்துரும்” என்றார் முத்தமிழ்செல்வன்.

ராசாங்கம் என்று வைத்துப் பார்த்தேன். ரஞ்சித்குமார் என்று வைத்தேன். போன் ஒவ்வொரு தடவையும் சரியாகப் போய்ச் சேர்கிறது, அவள் ஒவ்வொரு தடவையும் ஓடி வருகிறாள். கார்தான்

5

இதற்குமேல் எழுத வக்கில்லை எனக்கு. அவனுக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. கார் அங்கேதான் நிற்கிறது, சாவி அவர் சட்டைப் பையில். அவளுக்கும் தரவில்லை, எழுதுகிற எனக்கும் தரவில்லை.

நீங்கள் போய்க் கேளுங்கள். நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று முதலில் விசாரிப்பார்.